அயர்லாந்தின் சுண்ணாம்புக் காளவாய்கள்

அயர்லாந்து நாட்டின் சிற்றூர்ப் புறங்களிலும் மலைச்சரிவுகளிலும் முட்புதர் மூடிய கற்கட்டடங்கள் பலவற்றை இன்றும் காணலாம். இடிந்த கோட்டையின் கொத்தளமோ என ஐயுறவும் இடமுண்டு. அவை மன்னர் எடுப்பித்தவை அல்ல. உழவர் பயிருக்காக மூட்டிய சுண்ணாம்புக் காளவாய்கள். அந்நாட்டு உழவனின் உழைப்பையும், அவ்வுழைப்பின் பயனை அவன் இழந்த கதையையும் ஒருசேரக் கூறுவன அவை.

வானம் பொய்யாத நாடு அது. மழைமிகுதியால் மண்ணின் சுண்ணச்சத்து கரைந்தோடிவிடும், மண் புளிப்பேறும். புளித்த மண்ணில் நல்ல புல்லும் கூலமும் செழிப்பதில்லை. இந்நோய்க்கு மருந்தும் அங்கேயே இருந்தது. தீவின் நடுப்பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. ஆயினும் பாறையை அப்படியே வயலில் இட்டுப் பயனில்லை. அரைக்கும் இயந்திரம் இல்லாத அக்காலத்தில், அதனைப் பொடியாக்க வல்லது தீ ஒன்றே.

காளவாயைப் பெரும்பாலும் மேட்டின் சரிவை ஒட்டிக் கட்டினர். வண்டியை மேலே ஓட்டிச் சென்று வாய்வழியே கல்லைக் கொட்டவும், அடியிலுள்ள துளை வழியே சுட்ட சுண்ணாம்பை வாரவும் அது வசதியாயிற்று. உடைத்த கல் ஓர் அடுக்கு, எரிபொருள் ஓர் அடுக்கு என மாறிமாறி நிரப்பித் தீ மூட்டுவர். சதுப்பில் வெட்டி உலர்த்திய 'டர்ஃப்' எனும் கரிமண் கட்டிகளே ஏழை உழவருக்கு எரிபொருள். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கல்லிலிருந்து கரியமிலவாயு பிரிந்து செல்லும். 100 பங்கு தூய கல் 56 பங்கு சுண்ணாம்பாக எடை குறையும். மலைநிலத்திற்குச் சுமை ஏற்றிச் செல்வோர்க்கு இது பேருதவி. வயலில் அதைச் சிறு குவியல்களாக இட்டு மண்ணால் மூடிவைப்பர். ஈரம் பட்டு நீறிய பின் நிலமெங்கும் இறைப்பர். இப்பணியில் இடரும் மிகுதி. சுண்ணாம்பு பட்டுக் கண் கெடும். குளிர் இரவில் காளவாயின் வெம்மையை நாடி அருகே உறங்கிய வீடற்றோர், நச்சுப்புகையால் விடியுமுன் மாண்டதும் உண்டு.

1776-ஆம் ஆண்டு அந்நாட்டில் பயணம் செய்த ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆர்தர் யங், லவுத் மாவட்டத்தின் கொலன் என்னும் ஊரில் ஆன்டனி ஃபாஸ்டர் செய்த பணியை வியந்து எழுதியுள்ளார். நீதிபதியான ஃபாஸ்டர் அங்கே 5,000 ஏக்கர் தரிசைத் திருத்தினார். அதற்கென 27 காளவாய்கள் எரிந்தன. கல் 4 மைல் தொலைவிலிருந்து வந்தது. நிலக்கரித்தூளோ கடலுக்கு அப்பால் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவன் துறையிலிருந்து வந்தது. நிலம் அவருடையது; விளைந்த பயனும் அவருடையதே.

பெரும்பாலான உழவரின் நிலை அதுவன்று. அவர்கள் உழுதது பிறர் நிலம். சதுப்பையும் கல்மேட்டையும் சுண்ணாம்பிட்டு விளைநிலமாக்கிய குத்தகை உழவன், அதனாலேயே கூடுதல் குத்தகைக்கு ஆளாவான், வெளியேற்றப்படவும் கூடும். அவன் செய்த திருத்தம், சட்டத்தின் கண்ணில் நிலக்கிழாரின் உடைமை. வடபகுதியான அல்ஸ்டரில் மட்டும் பழைய வழக்காறு அவனுக்கு ஓரளவு காப்பளித்தது. சுண்ணாம்பு தந்தையைச் செல்வனாக்கி மகனை வறியவனாக்கும் என்பது ஐரோப்பிய உழவரிடையே வழங்கிய முதுமொழி. எருவிடாமல் சுண்ணாம்பையே நம்பினால் மண்வளம் வற்றும் என்பது அதன் பொருள். அயர்லாந்திலோ அது தந்தையின் காலத்திலேயே பலித்துவிட்டது. மண்ணால் அன்று, சட்டத்தால்.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்து சென்றனர். 1870-ஆம் ஆண்டுச் சட்டமே, நிலத்தை விட்டு நீங்கும் உழவன் தன் திருத்தத்திற்கு ஈடு கேட்க வழிசெய்தது. 1879-இல் மூண்ட நிலப் போராட்டத்தின் விளைவாக, நியாயமான குத்தகையும் நிலையான அனுபோகமும் 1881-இல் சட்டமாயின. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உழவர் பலர் கடன் பெற்று நிலத்தை வாங்கி உரிமையாளராயினர்.

பின்னர் இயந்திரத்தில் அரைத்த சுண்ணாம்புக்கல் வந்தது. 1950-களில் அரசு மானியமும் அதற்குத் துணைநின்றது. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கடல் கடந்தோரின் பேரர்கள் இன்று முன்னோர் ஊரைத் தேடி வருகின்றனர். வாழ்ந்த வீடு மண்ணோடு மண்ணாகியிருக்கலாம். அருகே ஒரு காளவாய் நின்றால், அவர்கள் வணங்கத்தக்க நினைவுச்சின்னம் அதுவே. அதன் தீயில் வெந்த கல்லால் விளைந்த பசுமை, அவ்வயல்களில் இன்றும் நிலைத்திருக்கின்றது.