கோட்டோவியத்திலிருந்து நடிகரின் உடலுக்கு: டிஸ்னி அசைவூட்டப் படங்களின் பிராட்வே மேடையாக்கம் (1994–2008)

ஆய்வுச்சுருக்கம்

அசைவூட்டத் திரைப்படங்கள் இசை நாடகங்களாக மேடையேறிய வரலாற்றில், டிஸ்னி நிறுவனத்தின் மூன்று படைப்புகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வரையப்பட்ட உருவத்தை அப்படியே பெயர்த்துத் தரும் முயற்சியில் அன்றி, நடிகரின் உடலை மறைக்காது ஏற்கும் இடத்திலேயே மேடையாக்கம் தனிக்கலையாகிறது என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டப்படம், இசை நாடகம், மேடையாக்கம், முகமூடி, பாவை.

முன்னுரை

அசைவூட்டப் படத்தில் உருவத்திற்கு எடையில்லை. மெழுகுவர்த்தித் தாங்கி நடக்கும், தேநீர்க் கெண்டி பாடும், சிங்கம் பேசும். மேடையிலோ இவை அனைத்தையும் மனித உடலே செய்தாக வேண்டும். இத்தகைய மேடையாக்கங்கள், வெற்றிபெற்ற படங்களின் வணிக நீட்சி என்றே பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. வணிக நோக்கம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அம்மதிப்பீடு, உடல் என்னும் சிக்கலை ஒவ்வொரு படைப்பும் எவ்வாறு எதிர்கொண்டது என்பதைக் காணத் தவறுகிறது.

மேடையிலிருந்து வந்த திரைவடிவம்

பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் நியூயார்க் அரங்கிலிருந்து வந்தவர்கள். 1982இல் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் இசை நாடகத்தைப் படைத்த இவர்கள், 1989இல் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்திற்குப் பாடல்கள் அமைத்தனர். தலைமை மாந்தரின் வேட்கையைத் தொடக்கத்திலேயே பாடலாக வெளிப்படுத்துவதும், கதையைப் பாடல்வழி நகர்த்துவதும் இசை நாடக மரபுகள். 1991இல் வெளிவந்த ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படமும் அம்மரபிலேயே உருவானது. படம் வெளிவருமுன்னரே, அவ்வாண்டு மார்ச்சில் ஆஷ்மன் மறைந்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் அசைவூட்டப்படம் இதுவே. எனவே, இப்படம் மேடையேறியதை ஒருவகையில் தாய்வீடு திரும்பல் எனலாம்.

பொருளாக மாறும் மனிதர்

1994 ஏப்ரலில் பேலஸ் அரங்கில் இப்படைப்பு மேடையேறியது. படத்தில் அரண்மனைப் பணியாளர்கள் சாபத்தால் முழுமையாகப் பொருள்களாகிவிட்டவர்கள். மேடையில் நடிகரின் முகமும் கைகால்களும் தெரியாமலிரா. ஆதலால் நாடகத்தில் அவர்கள் சிறிது சிறிதாகப் பொருள்களாக மாறிக்கொண்டிருப்பவர்கள் ஆயினர். உடையமைப்பின் தேவை கதையின் துயரமாக வளர்ந்தது: சாபம் நீங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அவர்கள் தம் மனித உருவை இழக்கின்றனர். அவ்வாண்டு இந்நாடகம் பெற்ற ஒரே டோனி விருது, ஆன் ஹோல்ட்-வார்டின் உடையமைப்புக்கே கிடைத்தது. படத்தில் இடம்பெறாது நீக்கப்பட்ட ‘ஹியூமன் அகெய்ன்’ பாடலும் மேடையில் உயிர்பெற்றது. பின்னர் 2002ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் புதிதாக வரையப்பட்டுப் படத்திலும் சேர்ந்தது. திரை மேடைக்கு அளித்தது போலவே மேடையும் திரைக்கு அளித்துள்ளது.

மறைக்கப்படாத ஆட்டுநர்

1994இல் வெளிவந்த ‘தி லயன் கிங்’ படத்தை, 1997 நவம்பரில் நியூ ஆம்ஸ்டர்டம் அரங்கில் ஜூலி டேமோர் மேடையேற்றினார். இந்தோனேசியாவில் தங்கி அந்நாட்டு முகமூடி, பாவை மரபுகளை அறிந்தவர் அவர். சிங்கத்தின் முகமூடி நடிகரின் முகத்தை மூடவில்லை. தலைக்கு மேலே அமர்ந்தது. டிமோன் பாவையை இயக்குபவரும் அதன் பின்னாலேயே வெளிப்படையாக நின்றார். விலங்கையும் மனிதரையும் ஒருங்கே காணும் பார்வையாளர், இரண்டையும் இணைக்கும் பணியைத் தம் கற்பனையால் நிறைவேற்றுகின்றனர். படத்தில் ஆணாக இருந்த ரஃபீக்கி மேடையில் பெண்ணானார். லெபோ எம் உள்ளிட்டோரின் ஆப்பிரிக்கச் சேர்ந்திசை விரிவு பெற்றது. 1998இல் இந்நாடகம் ஆறு டோனி விருதுகளை வென்றது. இசை நாடக இயக்கத்திற்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் டேமோரே.

சக்கரக் காலணியின் எல்லை

2008 ஜனவரியில் பிராட்வேக்கு வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ நாடகத்தில், நீரில் மிதப்பதைக் காட்ட நடிகர்கள் சக்கரம் பொருத்திய காலணிகளில் வழுக்கிச் சென்றனர். இங்கு உடல், படத்தின் அசைவைப் போலச்செய்ய முயன்றது. சாபம் போன்ற புதிய பொருளைக் கதைக்குத் தரவில்லை. 5,461 காட்சிகள் கண்ட ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ நாடகத்தோடு ஒப்பிட, இது 685 காட்சிகளுடன் 2009இல் நிறைவுற்றது. காட்சி எண்ணிக்கை கலைமதிப்பின் அளவுகோல் ஆகாது. எனினும் இரு அணுகுமுறைகளின் வேறுபாடு கருதத்தக்கது.

முடிவுரை

வரைகோடு விடுவித்த எடையை மேடை மீண்டும் நடிகர்மேல் ஏற்றுகிறது. அந்த எடையை மறைக்க முயன்ற இடத்தில் மேடையாக்கம் படத்தின் நிழலாக நின்றது. அதையே பொருளாக்கிய இடத்தில், படம் சொல்லாத ஒன்றைச் சொல்லியது. எனவே இப்படைப்புகளைப் படத்தோடு எவ்வளவு ஒத்துள்ளன என்பதைக்கொண்டு அளப்பதைவிட, உடலைக்கொண்டு எதைப் புதிதாக உணர்த்தின என்பதைக்கொண்டு அளப்பதே பொருத்தமாகும்.