இடைவெளி இல்லாத பெயர்கள்

இது கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் சங்கடமும் கலந்த வரலாறு. வீட்டில் சத்தமாகப் படிக்க வேண்டாம்!

1996-இல் ஒரு இணையதளம் தொடங்கினார்கள். கணினியில் ஏதாவது சிக்கல் என்றால் அங்கே கேட்கலாம், விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். பெயர் எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச். நல்ல பெயர்தானே? முகவரியில் இரண்டு சொற்களையும் ஒட்டி எழுதினார்கள். முதல் சொல்லின் கடைசி 'எஸ்' நழுவி அடுத்த சொல்லோடு சேர்ந்துகொண்டது. படித்தால் 'எக்ஸ்பர்ட் செக்ஸ் சேஞ்ச்'! பிற்பாடு நடுவில் ஒரு சிறு கோடு போட்டு முகவரியை மாற்றிக்கொண்டார்கள்.

பெயர் வைத்தவர் கவனிக்கவில்லை என்பது பாதிக் கதைதான். மீதியைத் தேடினால் 1980-களுக்குப் போக வேண்டும். அப்போது இணையத்தில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக்கூடங்கள், ராணுவத்தின் கணினிகள். அவற்றின் பெயர்ப் பட்டியலை, ஒரே கோப்பாக, கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்து வந்தது. பட்டியல் கட்டுக்கடங்காமல் போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் முறையை வடிவமைத்தார். 1985-இல் ஃபைன்லரும் இன்னும் இருவரும் எழுதிய விதி இது: எழுத்து, எண், சிறு கோடு, புள்ளி மட்டும் வரலாம். இடைவெளி கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

இயந்திரத்துக்கு வைக்கும் பெயருக்கு இது போதும். ஆனால் அதே வருடம் மார்ச் 15-இல் சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் முகவரியைப் பதிவு செய்தது. பத்து வருடத்தில் வியாபாரிகள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். 1995 செப்டம்பர் வரை இலவசமாக இருந்த பதிவுக்கு இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணமும் வந்தது. இயந்திரத்தின் பெயர் கடையின் பெயர்ப்பலகை ஆகிவிட்டது. விதி மட்டும் அப்படியே இருந்தது.

தமிழ் இலக்கண வகுப்பில் 'செம்பொன்பதின்றொடி' என்று ஒரு உதாரணம் சொல்வார்கள். செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? வணிகவியல் படிக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும் கேள்வி! பிரிக்கும் இடம் மாறினால் தங்கம் செம்பாகிவிடும்.

சிறு கோடு போடலாம் என்று விதியே சொல்கிறதே, ஏன் போடவில்லை? காரணம் வியாபாரம்தான். ஃபோனில் முகவரி சொல்லும்போது 'நடுவுல ஒரு கோடு' என்றால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். கோடு இல்லாத முகவரியை வேறு யாராவது வைத்திருந்தால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார்.

இத்தாலியில் பேட்டரி சார்ஜர் செய்யும் பவர்ஜென் இத்தாலியா நிறுவனத்தின் முகவரியை ஆங்கிலம் தெரிந்தவர்கள் 'பவர் ஜெனிட்டாலியா' என்று படித்துச் சிரித்தார்கள். ஜெனிட்டாலியா என்றால் பிறப்புறுப்பு. இதற்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது பிரிட்டனின் பவர்ஜென் மின்சார நிறுவனத்துக்கு! அது எங்களுடையது இல்லை என்றார்கள் பாவம்.

எனக்குச் சிரிப்பு வராத ஒன்றும் உண்டு. மனநல ஆலோசகரைத் தேட உதவிய தளம், தெரபிஸ்ட் ஃபைண்டர். ஒட்டி எழுதினால் முதல் சொல் 'தி ரேப்பிஸ்ட்' என்று உடைகிறது. அங்கே வந்தவர்களில் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணும் இருந்திருக்கலாம். அவர் கண்ணில் அது எப்படிப் பட்டிருக்கும்?

ட்விட்டரின் ஹேஷ்டேகிலும் இடைவெளி விட முடியாமல் இருந்தது. 2013 ஏப்ரல் 8-இல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது 'நவ் தாட்சர்ஸ் டெட்' என்று ஒட்டி எழுதிப் பரப்பினார்கள். சிலர் அதை 'நவ் தட் ஷேர்ஸ் டெட்' என்று பிரித்துப் படித்து, பாடகி ஷேர் இறந்துவிட்டார் என்று அஞ்சலி செலுத்தத் தொடங்கினார்கள். ஷேர் நன்றாகத்தான் இருந்தார்.