யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கொம்பனியின் செலவுக் கணக்கு

1795 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 27 ஆந் திகதி, கேணல் ஜேம்ஸ் ஸ்ருவேட் என்பாரின் தலைமையில் ஆங்கிலப் படையொன்று பருத்தித்துறைக் கரையில் வந்திறங்கிற்று. மறுநாள் யாழ்ப்பாணக் கோட்டை அப்படையிடம் சரணடைந்தது. போர் நிகழவில்லை. ஐங்கோண வடிவான அக்கோட்டையின் உள்ளரண் 1680 அளவில் அமைந்தது. வெளியரண் வேலைகள் நிறைவெய்தியது 1792 இல். நூறு ஆண்டுக்கு மேலாகப் பணத்தையும் முருகைக்கல்லையும் மக்களின் உழைப்பையும் விழுங்கி வளர்ந்த அரண், கட்டி முடிந்த மூன்றாம் ஆண்டிலேயே கைமாறிற்று.

இக்கோட்டைக்கு உடையவர் ஓர் அரசர் அல்லர். ஒரு வியாபாரக் கொம்பனியார். பொருள் வாங்கி விற்று இலாபம் பங்கிடுதற்கெனத் தோன்றிய ஒரு கூட்டம், தன் நாட்டுக்கு ஆயிரக்கணக்கான காவதத்துக்கு அப்பாலுள்ள ஒரு குடாநாட்டிலே கோட்டையும் கோவிலும் நீதிமன்றமும் பாடசாலையும் வைத்து 137 ஆண்டு நடத்திற்று. ஒல்லாந்தர் ஆட்சியைப் பற்றி நம் மாணவர் படிக்கும்போது தேசாதிபதிகளின் பெயரையும் போர்களின் ஆண்டையும் மனனஞ் செய்கின்றனர். அந்நிய நாட்டிலே ஒரு கொம்பனியை நிறுவுதற்கும் நிலைநிறுத்துதற்கும் என்ன செலவாயிற்று, அச்செலவை இறுத்தவர் யாவர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

முதலில் நிறுவிய செலவு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனி 1602 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆந் திகதி பட்டயம் பெற்றது. அதற்குமுன் ஒல்லாந்து நகரங்கள் தனித்தனியே கப்பல் அனுப்பி ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் கெடுத்துக் கொண்டிருந்தன. ஆறு நகர அவைகளையும் ஒன்றிணைத்துப் பதினேழு பணிப்பாளரை மேலே வைத்து எழுந்த புதிய கொம்பனியின் முதல் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர். அம்ஸ்ரடாமில் மாத்திரம் பங்கு எழுதியோர் ஆயிரத்து நூற்றுவருக்கு மேற்பட்டவர். பெருவணிகரோடு வீட்டுப் பணிப்பெண்களும் அவருள் இருந்தனர். பட்டயத்துக்காக அரசுக்குக் கொடுத்தது 25,000 கில்டர். அதனையும் அரசு கொம்பனியிலேயே முதலாக இட்டது. தொடக்கத்திலே மலிவாகக் கிடைத்த உரிமை பின்னர் விலையேறிற்று. 1647 இல் பட்டயத்தைப் புதுப்பித்தற்குக் கொம்பனி 15 இலட்சம் கில்டர் கொடுக்க நேர்ந்தது.

அப்பட்டயத்திலே கவனிக்கத்தக்க ஒரு குறை இருந்தது. பணிப்பாளர்க்கு ஊதியமாக விதிக்கப்பட்டது, கப்பல்களை ஆயத்தஞ் செய்யும் செலவிலும் அவை கொண்டுவரும் பொருளிலும் நூற்றுக்கு ஒன்று. செலவு கூடக் கூடப் பணிப்பாளரின் வருவாயும் கூடும்! சிக்கனத்தைக் காக்கவேண்டியவர்க்குச் சிக்கனம் நட்டமாக முடியும் ஓர் ஏற்பாடு இது. இதனை மாற்றி நிலையான சம்பளம் விதித்தற்கு 1647 வரை செல்லவேண்டியிருந்தது.

இலங்கையிலே கால் வைத்த செலவைக் கொம்பனி வேறொருவர் பற்றில் எழுதிற்று. 1638 ஆம் ஆண்டிலே மட்டக்களப்பில் இரண்டாம் இராசசிங்கனோடு வெஸ்ரர்வோல்ட் செய்த உடன்படிக்கைப்படி, பறங்கியரைத் துரத்தும் போரின் செலவு முழுவதும் கண்டியரசனைச் சாரும். அவன் அதனைக் கறுவா, மிளகு முதலிய பொருள்களால் இறுத்தல் வேண்டும். பிடிபட்ட கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பதற்கு அரசனின் விருப்பம் வேண்டும் என்ற சொற்றொடர் ஒரு படியில் இருந்தது. ஒல்லாந்தர் கைப்படியில் அது காணப்படவில்லை. பின்னர் நிகழ்ந்ததை ஊகித்தல் அரிதன்று. செலவுக் கணக்கை எழுதியவர் கொம்பனியார். தொகையைத் தீர்மானித்தவரும் அவரே. கடன் தீருமளவும் கோட்டைகளை ஈடாக வைத்துக்கொள்வோம் என்றவரும் அவரே. கடன் தீரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று இலங்கையர் பின்னாளில் கூறியது இதனையே.

1658 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகையின் பின், றிக்லொவ் வான் கூன்ஸ் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார். யாழ்ப்பாணம் கண்டியரசனின் நேரான ஆட்சியில் இருந்த நாடன்று. 1619 இல் அதனைப் பறங்கியர் தம் வசமாக்கினர். சங்கிலி மன்னன் கோவையிலே கொல்லப்பட்டான். ஆதலின் இந்நாட்டைக் கொம்பனி ஈடாகவன்றி வாளால் வென்ற சொத்தாகவே கருதிற்று. தம்மை ஆள்வோர் மாறியதற்குக் குடிகளின் இசைவை எவரும் கேட்கவில்லை.

இனி நிலைநிறுத்திய செலவு. யாழ்ப்பாணக் கோட்டையோடு ஊர்காவற்றுறைக் கடலில் கடற்கோட்டை, குடாநாட்டின் தென்கிழக்கு வாயிலிலே ஆனையிறவு உட்பட மூன்று காவலரண்கள், தெற்கே மன்னார்க் கோட்டை என அமைந்த காவல்வரிசைக்குப் போர்வீரர் வேண்டும். ஒரு போர்வீரனுக்கு மாதம் ஏறக்குறைய 9 கில்டர் சம்பளம்; இளநிலை வணிகன் எனப்பட்ட உத்தியோகத்தனுக்கு 40 கில்டர் அளவு. தொகை சிறிது. ஆயின், அவ்வாட்களைக் கொண்டுவருதற்கு ஆன செலவு சிறிதன்று. இரு நூற்றாண்டிலும் கொம்பனியின் கப்பல்களில் ஐரோப்பாவினின்று கீழைத்தேயம் புறப்பட்டோர் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர். திரும்பிச் சென்றோர் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. கப்பலிலும் காய்ச்சலிலும் மாண்டவர் பலர்; இங்கேயே தங்கிக் குடும்பங் கண்டவர் சிலர். இந்தச் செலவுக்கு எந்தப் பேரேட்டிலும் நிரல் இல்லை.

சம்பளம் குறைந்ததனால் வந்த செலவு இன்னொன்று. உத்தியோகத்தர் தம் சொந்தப் பெயரிலும் பிறர் பெயரிலும் வியாபாரஞ் செய்தனர். கொம்பனி அதனைத் தடுத்துச் சட்டத்துக்குமேற் சட்டம் பிறப்பித்தது. கொம்பனியின் கப்பலிலேயே கொம்பனிக்குப் போட்டியான சரக்குச் சென்றது. மாதம் நாற்பது கில்டருக்கு வந்தவன் பெருஞ் செல்வனாகத் திரும்பினால் மேலிடத்தார் வியந்திருக்க நியாயமில்லை.

வருவாயை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே கொம்பனியின் பெருஞ் சரக்கு யானை. தென்கோடி மாத்தறைப் பக்கத்திற் பிடித்த யானைகளைத் தரைவழியாக இத்தீவின் நீளம் முழுவதும் நடத்திக் கொணர்ந்தனர்; வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகளும் வந்து சேர்ந்தன. வன்னியரின் திறை பெரும்பாலும் நிலுவையிலேயே கிடந்தது. கோல்கொண்டா நாட்டு வணிகரும் வங்காள வணிகரும் பருவம் பார்த்து வந்து விலை கூறினர். யானையின் உயரத்தை முழத்தால் அளந்து விலை வகுத்தனர். கொம்புள்ளதற்கு விலை கூடும், ஊனமுள்ளதற்குக் குறையும். வாங்கிய யானையை ஊர்காவற்றுறையில் மரக்கலத்தில் ஏற்றுவர். வணிகர் கையிற் பணமில்லாவிடின் துணியும் உண்டியலும் பெற்றுக்கொள்வதும் உண்டு. விற்பனைத் தொகையைப் பார்த்தோர் இதனைப் பெரும் பேறு என்றனர். பிடித்தற்கும் பழக்குதற்கும் நடத்தி வருதற்கும் பிடித்த ஆட்படையோ ஊழியக் கடமையாற் பெறப்பட்டது. கூலி கொடுத்து அதே வேலையைச் செய்வித்திருந்தால் யானை வியாபாரத்தின் இலாபம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

ஊழியம் என்ற அச்சொல்லிலேயே நம் விடையிற் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது. நிலவரி, தலைவரி ஆகியன ஒருபுறமிருக்க, ஊழியத்துக்குரிய வகுப்பினர் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கொம்பனிக்குச் சம்பளமின்றி உழைத்தல் வேண்டும். வாராதவன் தண்டம் இறுத்தல் வேண்டும். கோட்டைக்குக் கல் சுமந்ததும் சுண்ணாம்பு சுட்டதும் பொதி தூக்கியதும் இவ்வாட்களும் அடிமைகளுமே. சாயவேர் தோண்டுவோர்க்கு அதுவே கடமை. அவ்வேர் துணிக்குச் செஞ்சாயம் ஏற்றும் அரும்பொருளாய்க் கொம்பனியின் பண்டசாலையை அடைந்தது. பனைமரம் சோழமண்டலக் கரைக்கும் புகையிலை மலையாளத்துக்கும் சென்றன. அவற்றிலும் சுங்கம் கிடைத்தது. பிள்ளைகள் பாடசாலைக்கு வாராவிடிற் பெற்றோரிடம் தண்டம் அறவிட்டு, அதனைக்கொண்டு பள்ளிச் செலவைத் தாங்கிய விந்தையும் உண்டு. பருத்தித்துறையிலே புளியமரநிழலில் நின்று போதித்தார் என இவ்வூர் மரபு கூறும் பிலிப்புஸ் பல்தேயுஸ் முதலிய குருமாரின் சம்பளம் மாத்திரமே கொம்பனியின் பெட்டியிலிருந்து சென்றதென்று கொள்க.

ஆயினும் இலங்கைக் கணக்கு நெடுங்காலம் நட்டத்தையே காட்டிற்று. பத்தாவியாவிலும் அம்ஸ்ரடாமிலும் இருந்தோர், இலங்கை ஒரு சுமை என்று ஆண்டுதோறும் முறையிட்டனர். இம்முறைப்பாட்டை அப்படியே நம்பிய சரித்திராசிரியரும் உளர். கணக்கு எழுதிய முறையை நோக்கினால் மயக்கம் தெளியும். இத்தீவின் முதற் சரக்காகிய கறுவா, உரிப்போரின் கடமையுழைப்பாற் சேர்ந்தது. கப்பலேறும்போது அதற்குக் கொழும்புப் பேரேட்டில் இட்டது சொற்பமான கொள்விலை. அதே கறுவா அம்ஸ்ரடாமில் பன்மடங்கு விலைக்குப் போயிற்று. அந்த இலாபம் அங்குள்ள பேரேட்டில் ஏறிற்று. காவற் செலவு கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், விற்றுமுதல் அம்ஸ்ரடாமில். இவ்விரு பேரேடுகளையும் ஒருங்கே விரித்துப் பாராதவனுக்கு இலங்கை நட்டமாகவே தோன்றும்.

நட்டம் என்ற சொல் ஏட்டில் நின்றதோடு அமையவில்லை. அதனை நிரப்பக் குடிகளிடமிருந்து மேலும் பெறவேண்டும் என்ற நியாயமாகவும் மாறிற்று. 1670 ஐ அடுத்த ஆண்டுகளில் துணி, பாக்கு முதலியவற்றின் வியாபாரத்தைத் தன்வசமாக்கக் கொம்பனி முயன்றது. அனுமதிச் சீட்டின்றி மரக்கலம் ஓடலாகாது என்றும், குறித்த துறைகளையன்றி வேறு துறைகளை அடையலாகாது என்றும் கட்டுப்பாடு எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணியோடு நெல்லும் அரிசியும் ஏற்றிவந்த வணிகர், துணி விற்கும் வாய்ப்புப் போனபின் அரிசிக்காக மாத்திரம் வருவரோ? தனக்கு வேண்டிய நெல்லை முற்றும் விளைவிக்க இயலாத குடாநாடு அரிசித் தட்டுப்பாட்டைக் கண்டது. பின்பு கொம்பனியே கட்டுப்பாட்டைத் தளர்த்தவேண்டியதாயிற்று. 1658 தொடக்கம் 1687 வரையுள்ள காலத்தை ஆராய்ந்து 1958 இல் நூல் வெளியிட்ட நம் நாட்டு வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் இப்பகுதியை விரிவாக விளக்கியுள்ளார். அக்கரையும் இக்கரையும் ஒரு வீட்டின் இரு திண்ணைகள் போலிருந்த வடமராட்சித் துறைகளுக்கு அனுமதிச் சீட்டு எத்தகைய இடையூறாயிருந்திருக்கும் என்பதைக் கடலறிந்தோர் உணர்வர்.

கொம்பனியின் செலவுகள் யாவும் வீணாயின என்று கூறுதல் நேர்மையன்று. வரி வாங்குதற்குக் காணியின் எல்லை தெரியவேண்டும். அதற்காகத் தோம்பு எழுதினர். வழக்குத் தீர்த்தற்கு நாட்டு வழக்கம் தெரியவேண்டும். அதற்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் உத்தியோகத்தர் 1707 இல் தேசவழமையைத் தொகுத்தார். அதனை ஜான் பைரஸ் தமிழில் பெயர்க்க, பன்னிரு முதலியார் பார்வையிட்டு ஒப்பினர். நீதிமன்றச் செலவாக எழுதப்பட்ட அவ்வேடு, எழுதுவித்த கொம்பனி மறைந்து இரு நூற்றாண்டுக்கு மேலான பின்னும் நம் சீதன வழக்குகளிலும் காணி வழக்குகளிலும் பேசப்படுகின்றது. கொம்பனி செலவிட்ட காசில் இதுபோல் நின்று பயன்பட்டது வேறில்லை என்பது எனது துணிபு.

முடிவு விரைந்து வந்தது. கண்டியோடு 1761 தொடக்கம் 1765 வரை நிகழ்ந்த போர் பெருஞ் செலவாயிற்று; 1766 உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் கைவந்தது, அதனைக் காக்கும் பொறுப்பும் உடன்வந்தது. 1780 இல் தொடங்கி நான்காண்டு நீடித்த ஆங்கிலப் போரிலே கப்பல்களும் சரக்கும் பறிபோயின. நெடுங்காலமாகவே கடன் வாங்கியும் இலாபப் பங்கு கொடுத்து வந்த கொம்பனிக்கு, கடன் கொடுப்போரின் நம்பிக்கை தளர்ந்ததும் நிற்க நிலையில்லை. 1796 இல் அதன் நிர்வாகத்தை ஒல்லாந்தில் எழுந்த புதிய அரசு ஏற்றது. 1799 திசெம்பர் 31 இல் பட்டயம் முடிவுற்றது. எஞ்சிய கடன் பத்துக் கோடி கில்டருக்கும் மேல். அது ஒல்லாந்துக் குடிகளின் பொதுக்கடனாயிற்று.

யாழ்ப்பாணக் கோட்டையில் ஏறிய ஆங்கிலரும் தொடக்கத்திலே ஒரு கொம்பனியின் பெயராலேயே ஆண்டனர். தாம் பிடித்த நாட்டின் செலவை அந்நாட்டிலேயே பெறக் கருதிச் சென்னையிலிருந்து வரி வாங்குவோரை வருவித்தனர். தென்னை ஒவ்வொன்றுக்கும் வரி விதித்தனர். 1797 இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனை அடக்கிய செலவு வரியால் வந்த ஆதாயத்தைத் தின்றது. 1798 இல் பிறடெறிக் நோர்த் தேசாதிபதியாக வந்தார். 1802 இல் இலங்கை கொம்பனியினின்று நீங்கி முடிக்குரிய நாடாயிற்று. இத்தீவில் சம்பளமற்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது அதன்பின் முப்பது ஆண்டு கழிந்து, 1832 இல்.

1792 இல் வேலை முடிந்த கோட்டை நம் காலத்துப் போரிலேதான் உண்மையான முற்றுகையைக் கண்டது. 1990 இல் அதன் உள்ளிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் சிதைந்தது. சுவர்கள் பல இடத்தில் இடிந்தன. 2009 இல் போர் ஓய்ந்தபின் தொல்பொருட் திணைக்களம் அதனைப் புதுக்கத் தொடங்கியது. அச்செலவிலே ஒரு பங்கை, இம்முறை எவர் பற்றிலும் எழுதாது, நெதர்லாந்து அரசு கொடுத்தது.