ஒரு தமிழ், ஒன்பது மென்பொருள்

கொம்பியூட்டரில் தமிழ் எழுதுவது எப்படி என்று எம்மவர் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் பாமினி என்பார், இன்னொருவர் முரசு அஞ்சல் என்பார், மற்றவர் இ-கலப்பை என்பார், பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டுவினம். செய்கிற வேலை ஒன்றுதான். உயர்தரத்தோடு படிப்பை விட்டுப் பக்ரறிக்குப் போன எனக்கு இது புதினமில்லை. எங்கட வேலைத்தலத்தில் அங்குலச் சாவிகள் ஒரு பெட்டி, மில்லிமீற்றர் சாவிகள் இன்னொரு பெட்டி. மாறிப் போட்டால் நட்டின் தலை மழுங்கிவிடும்.

1980களில் பெரிய கொம்பனிகள் தமிழை எட்டியும் பார்க்கவில்லை. ஆகவே ஆங்காங்கே இருந்த தமிழர்கள் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். இங்கே கனடாவில் கலாநிதி ஸ்ரீனிவாசன் 'ஆதமி'யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்', சுவிற்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' என்று ஒவ்வொன்றாக வந்தன. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், கல்யாணசுந்தரம் இரசாயன விஞ்ஞானி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே வந்தது? அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள்தான். ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழெழுத்தின் உருவத்தை வைத்தார்கள். எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பது செய்தவரின் விருப்பம். எங்கட சனத்திடம் கூடுதலாகப் பரவிய பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கொம்பியூட்டர் சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். கட்டுரை எழுதியவர் தமிழில்தான் எழுதினார், ஆனால் கொம்பியூட்டருக்கு அது ஒருநாளும் தமிழாக இருந்ததில்லை.

பின்னர் 'திஸ்கி' வந்தது. முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, மேற்பாதியில் தமிழை வைத்தார்கள். ரொறன்ரோக்காரருக்கு அது போதும். மொன்றியலில் இருக்கிற எமக்கு? பிரெஞ்சின் தலைக்குறி போட்ட எழுத்துக்களும் அதே மேற்பாதியில்தான் குடியிருந்தன! பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த ஒரு அறிவித்தல் அடிக்க, சொல்லுக்குச் சொல் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

1999 பெப்ரவரியில் சென்னை மாநாட்டில் இதற்கு முடிவு கட்டப் பார்த்தார்கள். 'தாம்', 'தாப்' என்று இரண்டு குறியீடுகளும் 'தமிழ்99' விசைப்பலகையும் வந்தன. ஏற்கனவே இருந்தவை போகவில்லை, பட்டியல்தான் நீண்டது. யுனிகோட்டில் 1991 முதலே தமிழுக்குத் தனி இடம் இருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண கொம்பியூட்டருக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது 2010இல்.

இத்தனை மென்பொருள் செய்தது வீண் வேலை என்று சிலர் சொல்லுவினம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யுனிகோட் பரவும் மட்டும் காத்திருந்திருந்தால், அகதியாக வந்த சனம் பத்து, பதினைந்து வருடம் கையெழுத்துப் பிரதியோடு இருந்திருக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களை முதலில் இப்படிப்பட்ட எழுத்துருக்களில்தான் ஏற்றியது. பிறகு யுனிகோட்டுக்கு மாற்றினார்கள்.

எங்கட எழுத்தைத்தான் ஒருவரும் மாற்றவில்லை. பழைய மலர்கள், மரண அறிவித்தல்கள், ஊர்க் கதைகள் எல்லாம் டிஸ்கெற்றுகளில் கிடக்கின்றன. டிஸ்கெற் காலம் போகப் போகப் பழுதாகும். வாசிக்க முடிந்தால், மாற்றுவது இன்று பெரிய காரியமில்லை: சுரதா என்ற எம்மவர் செய்த 'பொங்குதமிழ்' மாற்றி பாமினியையும் திஸ்கியையும் நொடியில் யுனிகோட் ஆக்கும். எது பாமினி, எது திஸ்கி என்று அடித்தவருக்குத்தான் தெரியும், அவர்களுக்கும் வயது போகிறது. ஆகவே வீட்டில் டிஸ்கெற் இருந்தால் எறியாமல் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஒரு துண்டில் எழுதி, அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.