செப்பிலிருந்து சீட்டுக்கு: கைமறைப்பு வித்தையின் தமிழ்க் கலைச்சொற்களும் மதுரை மரபும்

ஆய்வுச்சுருக்கம்

சீட்டுக்கட்டைக் கொண்டு நிகழ்த்தப்படும் வித்தைக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் இருவேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை. வித்தையைக் குறிக்கும் சொற்கள் பழமையானவை. சீட்டைக் குறிக்கும் சொற்களிற் பல கடல்வழி வந்தவை. இவ்விரண்டிற்கும் இடையே, கை செய்யும் செயலைக் குறிக்கும் சொற்கள் எழுத்துத் தமிழில் அருகியே உள்ளன. அவ்விடைவெளியை மதுரைப் பகுதியின் புராண, வணிக, வழக்கியற் பின்புலத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செப்பிடுவித்தை, இந்திரசாலம், சீட்டு, கலைத்தல், மூன்று சீட்டு, மதுரை.

செப்பும் கண்ணும்

கைமறைப்பு வித்தைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் பொருள் தெளிவானது செப்பிடுவித்தை. பேச்சு வழக்கில் இது செப்படி வித்தை எனத் திரிந்தது. செப்பு என்பது சிறு கிண்ணம், சிமிழ். கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் கீழ் இட்ட உருண்டைகளை இடம் மாறவும் மறையவும் செய்வதே இவ்வித்தையின் அடிப்படை. இந்திய வித்தையாளர் கையாளும் செப்பு, மேலே குமிழ் வைத்த ஆழமற்ற மரக்கிண்ணம். குமிழை விரல்களால் பற்றித் தூக்கும்போதே உருண்டை விரலிடுக்கில் ஒளிந்துகொள்கிறது. மேலைநாட்டு வித்தையாளரின் உயரமான உலோகக் குவளைக்கு இந்த வசதி இல்லை. கருவியின் வடிவமே கையின் நுட்பத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஏனைய பெயர்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கண்கட்டு வித்தை காண்பவரின் கண்ணைப் பற்றிப் பேசுகிறது. இந்திரசாலம், சாலம் என்னும் வலையைப் பற்றிப் பேசுகிறது. மாயம், மந்திரம் என்பன ஆற்றலைப் பற்றிப் பேசுகின்றன. செப்பிடுவித்தை கருவியைச் சொல்கிறது. இவற்றுள் ஒன்றேனும் கையைச் சொல்லவில்லை. கையைச் சொல்லும் ‘கைவரிசை’ என்ற சொல்லோ, தற்காப்புக்கலைப் பயிற்சியிலிருந்து செய்தித்தாள்களின் திருட்டுச் செய்திகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. கையின் திறமையைக் குறித்த சொல்லைக் கள்வனுக்குக் கொடுத்த மொழியில் வித்தையாளன் மந்திரவாதி எனப்பட்டதில் வியப்பில்லை.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் வெளியிட்ட நூல், சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரைக் காக்கும் நோக்குடன், பந்து, நாணயம், சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வித்தைகள் வெறும் கைத்திறனே என விளக்கிக் காட்டியது. நுட்பத்துக்குப் பெயரிட்டு விளக்குவது அங்கு உயிர்களைக் காக்கும் முயற்சியாயிற்று.

மதுரையின் மாயங்கள்

மதுரை இத்துறையில் தனித்துக் கருதத்தக்கது. இந்திரஞாலம் என்னும் சொல்லைத் திருவாசகத்தில் ஆண்ட மாணிக்கவாசகரின் ஊராகிய திருவாதவூர் மதுரையை அடுத்தே உள்ளது. அவர் பொருட்டு நரிகள் பரிகளானதும், இரவில் அப்பரிகள் மீண்டும் நரிகளானதும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணத்தில் தனித்தனிப் படலங்கள். ஆவணி மூலத் திருவிழாவில் இத்திருவிளையாடல் இன்றும் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

வித்தையின் அமைப்பை ஆராய்வோர்க்கு இதனினும் பயன்தருவது எல்லாம் வல்ல சித்தர் கதை. சித்தர் மதுரைத் தெருக்களில் உருமாற்றங்களை நிகழ்த்துகிறார். அரசன் அழைப்பை ஏற்க மறுக்கிறார். பின்னர் அரசனே வந்து, கல்யானையைக் கரும்பு தின்னச் செய்யுமாறு கேட்கிறான். இங்குச் சோதனைப் பொருளைத் தேர்ந்தவன் காண்பவன். கரும்பைக் கொடுப்பவனும் அவனே. நிகழ்த்துபவர் எதனையும் கொண்டுவரவில்லை. சீட்டு வித்தையாளர் ‘நீங்களே ஒரு சீட்டை எடுங்கள்’ என்று கூறும்போது நாடும் நம்பகத்தன்மை இதுவே. புராணத்தைச் சீட்டு வித்தையாகக் குறுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ‘தேர்வு காண்பவனுடையது’ என்ற கதைக்கூறு மதுரை மக்களுக்கு மிகப் பழகியது என்பதே இங்கு வேண்டுவது. வேறுபாடும் கருதத்தக்கது. சித்தர்முன் அரசனின் தேர்வு உண்மையானது. சீட்டு வித்தையாளர்முன் அது பெரும்பாலும் தோற்றமே.

சீட்டின் சொற்கள்

போர்ச்சுகீசியரும் அவர்க்குப்பின் டச்சுக்காரரும் தமிழகக் கடற்கரையில் நிலைகொண்டிருந்தனர். மதுரை நாயக்கர் ஆட்சியெல்லையைச் சார்ந்த தூத்துக்குடி 1658இல் டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1825இல் ஆங்கிலேயர் வசம் வந்தது. சீட்டுச் சின்னங்களின் பெயர்களில் இவ்வரலாறு படிந்துள்ளது.

கிளாவர் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இச்சின்னத்தின் பெயர் ‘கிளப்’, அதாவது தடி. டச்சு மொழியில் ‘கிளாவர்’, அதாவது மூவிலைச் செடி. தமிழ்ப்பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்திருக்க இயலாது. ஆடுதன் (இன்றைய பேச்சில் ஆட்டின்) என்பதன் இறுதி னகரமும் டச்சு ‘ஹார்டன்’ என்பதோடு ஒத்துச் செல்கிறது. ஆங்கில ‘ஹார்ட்ஸ்’ என்பதோடு ஒத்துச் செல்லவில்லை. துருப்பு என்பதும் டச்சு ‘துரூஃப்’ என்பதற்கு ஒலியால் நெருங்கியது. டைமன் ஐயமின்றி ஆங்கிலம். இஸ்பேட் மட்டும் முடிவுக்கு உட்படாதது. அதன் முதலிலுள்ள இகரம் போர்ச்சுகீசிய ‘எஸ்பாதா’வின் எகரத்தை நினைவூட்டினும், ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ ஆக்கும் தமிழ் ஒலிப்பழக்கமே ஆங்கில ‘ஸ்பேட்’ என்பதையும் இவ்வாறு மாற்றிவிடும். இதனைப் போர்ச்சுகீசியம் என்றே சாதிப்போர் இவ்வொலிவிதியைக் கணக்கிற் கொள்ள வேண்டும்.

பெயர்ச்சொற்கள் இவ்வாறு அயன்மொழியினவாயினும், வினைச்சொற்கள் முற்றும் தமிழ். சீட்டைக் கலைக்கிறோம், வெட்டுகிறோம், போடுகிறோம், இறக்குகிறோம். பொருள் வெளியிலிருந்து வந்தது. அதன்மீது கை செய்யும் வேலை ஊர்ச்சொல்லிலேயே வழங்கியது. சீட்டு வித்தைக்கான கலைச்சொல்லாக்கம் இவ்வினைகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கலைத்தலும் அதன் பொய்யும்

நம் ஊர்களில் சீட்டுக் கலைக்கும் முறைகளுள் மிகப் பரவலானது, கட்டை ஒரு கையில் விரல்நுனிகளால் பற்றி, மறுகையால் மேலிருந்து சிறுசிறு அடுக்குகளாக உருவி உள்ளங்கையில் விழச்செய்வதாகும். திண்ணையில் ரம்மி ஆடுவோர்க்கு இது ‘கலைத்தல்’ மட்டுமே. உலகச் சீட்டு வித்தை நூல்களிலோ இதற்கு ‘இந்துக் கலைப்பு’ என்று தனிப்பெயர் உண்டு. நமக்குப் பெயர் தேவைப்படாத ஒன்று பிறர் கலைச்சொற்பட்டியலில் நம் பெயரால் இடம்பெற்றிருக்கிறது.

இம்முறையின் உள்ளமைப்பே வித்தைக்கு இடந்தருகிறது. மேலிருந்து உருவுவதால் கட்டின் அடிச்சீட்டு கடைசி அடுக்கு வரை அசைவதில்லை. காண்பவர் ‘நிறுத்து’ என்று சொல்லும் எந்தக் கணத்திலும் கையில் எஞ்சிய கட்டைத் திருப்பிக் காட்டினால், தெரிவது வித்தையாளர் முன்னரே அறிந்த அதே அடிச்சீட்டு. நிறுத்தியவர் தாமே தேர்ந்ததாக நம்புகிறார். இதனைத் ‘திணிப்பு’ எனலாம். கலைப்பது போலத் தோன்றியும் கட்டின் வரிசையை அல்லது அதன் ஒரு பகுதியைக் காப்பது பொய்க்கலைப்பு. இரு சீட்டுகளை ஒன்றுபோல எடுத்துக் காட்டுவது இரட்டைத் தூக்கல். தேர்ந்த சீட்டுக்கு அடுத்து வந்து அதனைக் காட்டிக்கொடுக்கும் சீட்டு அடையாளச் சீட்டு. கட்டினுள் ஒரு சீட்டைக் கணநேரத்தில் பார்த்துக்கொள்வதற்கு ‘நோட்டம்’ என்னும் பேச்சுச்சொல்லே போதும். புதிதாக ஆக்குவது வீண். உள்ளங்கையில் சீட்டை ஒளித்தலுக்குக் ‘கையொளிப்பு’ பொருந்தும்.

1902இல் சிகாகோவில் எர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் வெளியான நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. அதன் ஆசிரியர் யார் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. நூலின் முற்பகுதி சூதாட்ட மேசையில் செய்யும் ஏமாற்றுகளையும் பிற்பகுதி மேடை வித்தையையும் விளக்குகிறது. இரண்டுக்கும் கை ஒன்றே. ‘ஏமாற்றப்போகிறேன்’ என்ற அறிவிப்பு உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

சட்டத்தின் முன் சீட்டு

இவ்வேறுபாடு சட்டத்திலும் உண்டு. ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல அது முற்றிலும் தற்செயலைச் சார்ந்ததன்று என வேறுபடுத்தியது. சீட்டைக் கலைத்துப் பகிரும் எல்லா ஆட்டங்களிலும் தற்செயலின் கூறு உண்டு என்றும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் நடப்பிலிருந்த தமிழகத்திலும் இப்பாகுபாடு தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. ஆயின் இவ்வாதம் முழுதும் ‘கலைத்தல்’ நேர்மையானது என்னும் எடுகோளின்மீது நிற்கிறது. பொய்க்கலைப்பு நுழைந்தால், தற்செயல், திறமை என்னும் இருபாற்பகுப்பே குலைகிறது. தற்செயலாகத் தோன்றுவது எதிராளியின் திறமையாகிவிடுகிறது.

பேருந்து நிலையத்து ஓரங்களிலும் திருவிழாக் கூட்டங்களிலும் நடக்கும் ‘மூணு சீட்டு’ இதற்கு எடுத்துக்காட்டு. நீதிமன்றம் சுட்டிய ஆட்டத்துக்கும் இதற்கும் பெயர் ஒன்றே, பொருள் வேறு. தரையில் கவிழ்த்த மூன்றனுள் ராணி எது எனக் கேட்கும் இவ்வாட்டத்தில் தற்செயலுக்கு இடமே இல்லை. ஆட்டுவோன் ஒரு கையில் இரு சீட்டுகளை மேலும் கீழுமாகப் பற்றி, கீழிருக்கும் ராணியைக் காட்டியபின் எறிகிறான். கீழ்ச்சீட்டே முதலில் விழுந்ததாகக் கண் கொள்கிறது, விழுந்தது மேற்சீட்டு. பந்தயம் கட்டியவர் காவல் நிலையத்தில் ‘சூதாடித் தோற்றேன்’ என்றே சொல்ல நேர்கிறது, தமக்கு நிகழ்ந்த செயலைச் சுட்டும் சொல் அவரிடம் இல்லாமையால். ‘மேற்சீட்டெறிவு’ எனலாம், இதனினும் சிறந்த சொல் மூணு சீட்டுக்காரரின் குழூஉக்குறியில் இருத்தல் கூடும். களஆய்வு மேற்கொள்வோர் முதலில் தேட வேண்டிய இடம் அது.