தலையங்கமும் வாக்குப் பெட்டியும்

ஒரு தேர்தலில் இன்னாரைத் தெரிவு செய்யுங்கள் என்று பத்திரிகையொன்று தன் வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லலாமா? சொன்னால், அச்சொல் வாக்குப் பெட்டி வரை சென்று சேர்கின்றதா? இவ்விரு வினாக்களும் அமெரிக்க நாட்டிலே அண்மையில் மிகுந்த சூட்டோடு விவாதிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, தன் சொந்த நகரமாகிய நியூயோர்க்கின் மேயர் தேர்தல் போன்ற உள்ளூர்த் தேர்தல்களில் இனி எவரையும் பரிந்துரைப்பதில்லை என அறிவித்தது. ஜனாதிபதித் தேர்தலிலே பரிந்துரைப்பதை மட்டும் வைத்துக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் இதற்கு மாறாக ஜனாதிபதித் தேர்தலிலேயே வாய்மூடி இருப்பதென்று தீர்மானித்தது. சினங்கொண்ட வாசகர் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தம் சந்தாவை நிறுத்தினர்.

இவ்விரண்டில் நியூயோர்க் டைம்ஸின் முடிவே எனக்கு வியப்பாக உள்ளது. ஜனாதிபதி வேட்பாளரை உலகமே அறியும்; அவரைப்பற்றி ஒரு தலையங்கம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கின்றது? நகரசபைக்கும், கல்விச் சபைக்கும், நீதிபதிப் பதவிக்குங்கூட வாக்குக் கேட்டு நிற்கும் பெயர் தெரியாதவர்களைப் பற்றியே வாக்காளன் திகைக்கின்றான். அந்நாட்டின் ஊர்ப் பத்திரிகைகள் பல, இத்தகைய வேட்பாளரை அலுவலகத்துக்கு அழைத்து, வரியென்ன செய்வீர், வடிகாலென்ன செய்வீர் என்று வினவி, அதன்பின் தம் தெரிவை வெளியிடும் வழக்கம் உடையன. பெரிய தேர்தல்களிலோ பத்திரிகையின் சொல் பலமுறை பொய்த்திருக்கின்றது. 1936இல் பெரும்பாலான பத்திரிகைகள் ரூஸ்வெல்ற்றை எதிர்த்தன. அவரோ 48 மாநிலங்களுள் 46ஐ வென்றார். 1948இல் ட்ரூமனுக்கும் அதுவே நிகழ்ந்தது. ஆகவே உதவக்கூடிய இடத்தை விட்டுவிட்டு உதவாத இடத்தைப் பற்றிக்கொண்டது அப்பெரும் பத்திரிகை.

நம் நாட்டின் கதை வேறு வகையானது. யாழ்ப்பாணத்திலே 1841இல் உதயதாரகை தோன்றியபோதும், அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கியபோதும், சட்டசபைக்கு வாக்களிப்போர் என்ற ஒரு கூட்டமே இலங்கையில் இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கொழும்பிலும் கண்டியிலும் எழுந்த மாநகரசபைகளுக்குச் சொத்துடையோர் சிலர் வாக்களித்தனர். சட்டசபை அங்கத்தவரைத் தேசாதிபதியே நியமித்தார். முஸ்லிம்களுக்கென ஓர் இடம் 1889இல் முதன்முதல் கிடைத்ததும் நியமனத்தாலேயே. ஆதலின் அக்காலத்தில் இன்னார் தகுதியுடையவர் என்று ஒரு பத்திராதிபர் எழுதினால், அஃது வாசகருக்கு எழுதப்பட்டதாகத் தோன்றினாலும், உண்மையில் தேசாதிபதியின் செவிக்கே எழுதப்பட்டது. விண்ணப்பமும் பரிந்துரையும் ஒன்றாயிருந்த காலம் அது.

1911இல் படித்த இலங்கையருக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டு, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதற்குத் தெரிவானார். வாக்காளர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். அனைவரும் ஆங்கிலம் கற்றவர். பத்திரிகை படிப்போரும் வாக்களிப்போரும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தினர். தலையங்கம் நேரே வாக்காளன் மேசைக்குச் சென்ற காலம் நம் வரலாற்றில் இஃதொன்றே எனலாம்.

1931இல் இந்நிலை ஒரே நாளில் தலைகீழாயிற்று. டொனமூர் அரசியலமைப்பின்படி, 21 வயது நிறைந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறியாதோர் இலட்சக்கணக்கில் வாக்காளராயினர். அவர்கள் பொருட்டு ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் அளிக்கப்பட்டது. அந்நிறம் பூசிய பெட்டியில் வாக்காளன் தன் சீட்டை இட்டான். அபேட்சகர் என்றே அந்நாளில் வேட்பாளரைக் குறித்தனர். ஊர் மக்களுக்கோ அவர் சிவப்புப் பெட்டிக்காரர், பச்சைப் பெட்டிக்காரர். ஆங்கிலத் தலையங்கம் புகழ்ந்த ஒருவரின் பெயர் எங்கள் கரையை அடையும்போது ஒரு நிறமாக மாறியே வரவேண்டியிருந்தது. அதனை மாற்றிச் சொல்ல ஒரு மனிதர் இடையில் வேண்டும். பத்திரிகையின் செல்வாக்கு என்று நாம் பேசுவது, பெரும்பாலும் அவ்விடை மனிதரின் செல்வாக்கே.

அவர் யார்? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என விரியும் எங்கள் ஊர்களை அறிந்தோர்க்கு விடை எளிது. தாய்வழியாக வரும் குடிகளும், குடிக்கொரு மரைக்காயரும், அம்மரைக்காயர்கள் கூடும் பள்ளிவாசல் நிர்வாகமும் இங்கே பழைய அமைப்பு. அதனோடு வெள்ளாமைக் காணிகளின் போடியாரும், அவர் வயலைச் செய்யும் முல்லைக்காரரும் என்ற வயல் உறவு. அரசாங்கத்தின் கையாக வன்னியனாரும் விதானையாரும். இவர்கள் வாயிலாக வரும் சொல்லே ஊரிலே நடந்தது. புகையிரதம் 1928இல் மட்டக்களப்பை எட்டிய பின்னரே கொழும்புச் செய்தி விரைந்து வரலாயிற்று. அங்கிருந்து கல்லடிப் பாலங் கடந்து ஏறத்தாழ 24 மைல் தெருவழியாகக் கல்முனைக்கு வந்தாக வேண்டும். 1930இல் வீரகேசரியும், 1932இல் தினகரனும் தோன்றியமையால் தமிழ் படிப்போர்க்கு நாளிதழ் கிடைத்தது. அதனை ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்டனர். இடையிடையே வாசிப்பவர் தம் கருத்தையும் சேர்த்தே வாசிப்பார். கேட்பவர்க்கு எது பத்திரிகை, எது வாசிப்பவர் என்று தெரியாது. வானொலியில் நின்றுகொண்டு இதனைச் சொல்வதில் எனக்குச் சிறிது தயக்கமுண்டு.

1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி எச். எம். மாக்கான் மாக்காரைத் தெரிவு செய்தது. இவர் இரத்தின வணிகத்தில் பெயர்பெற்ற தென்னிலங்கைக் குடும்பத்தினர். 1924இலேயே முஸ்லிம் பிரதிநிதிகள் மூவருள் ஒருவராகச் சட்டசபையில் அமர்ந்தவர். பின்னர் போக்குவரத்து, பொதுவேலை மந்திரியுமானார். ஊரவர் அல்லாத ஒருவரை இக்கரை தெரிந்தெடுத்ததில் அச்செழுத்துப் பரப்பிய பெயருக்கும் ஒரு பங்கு இருந்திருத்தல் கூடும். ஆயின் பெயர் மட்டும் போதியதாயின் குடிகளும் மரைக்காயர்களும் எதற்கு?

தலைநகரை அடுத்த களனித் தொகுதி இதற்கோர் அளவுகோல். 1943இல் நடந்த இடைத்தேர்தலில் முதுபெரும் தலைவர் ஈ. டபிள்யூ. பெரேராவை இளைஞர் ஜே. ஆர். ஜயவர்த்தனா தோற்கடித்தார். வென்றவரின் தாயாருடைய சகோதரரே லேக் ஹவுஸ் அதிபர் டி. ஆர். விஜேவர்த்தனா, டெயிலி நியூஸ், தினமின, ஒப்சேவர், தினகரன் யாவும் அவருடையவை. அவ்வேடுகள் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1956இல், லேக் ஹவுஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கமே நின்றது. கட்சியோ எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. அதே களனியில் அதே ஜயவர்த்தனா தோற்றார். பத்திரிகை மாறவில்லை, கிராமத்துப் பிக்குவும், ஆயுர்வேத வைத்தியரும், சுயபாஷை ஆசிரியரும் மாறிவிட்டனர். இடை மனிதர் கைவிட்டால் தலையங்கம் வெறுங் காகிதம்.

அதே 1956ஆம் ஆண்டு எங்கள் கரையில் நடந்ததே எனக்கு மிகவும் சுவையான பகுதி. தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனையில் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் போட்டியிட்டு வென்றனர். 1947இல் செல்வநாயகம் தொடக்கிய சுதந்திரன் அக்கட்சியின் குரலாக விளங்கிற்று. ஒரு தமிழ்க் கட்சி ஏட்டின் ஆதரவோடு முஸ்லிம் வேட்பாளர் இருவர் வெற்றி பெற்றமை, தமிழ் மொழி பற்றிய அச்சம் அன்று இரு சமூகத்தையும் ஒருங்கே பிடித்திருந்தமைக்குச் சான்று. ஆயின் இதனைச் சுதந்திரனின் வெற்றி என்று எழுத என் கை ஓடவில்லை. காரணம், இதே காரியப்பர் 1947இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பெயரால் இதே கல்முனையில் வென்றவர். கட்சி மாறிற்று, ஆதரித்த ஏடும் மாறிற்று. ஊரில் அவருக்கிருந்த வேர் மாறவில்லை. பின்னர் அவ்விருவரும் தமிழரசுக் கட்சியை விட்டு அரசாங்கப் பக்கம் சென்றதும், கட்சி ஏட்டின் ஆதரவு வேட்பாளரைக் கட்டிவைக்கும் கயிறன்று என்பதைக் காட்டிற்று.

இவை பாராளுமன்றத் தேர்தல்கள். பட்டினசபை, கிராமசபைத் தேர்தல்களில் கொழும்புப் பத்திரிகைக்கு ஆளே தெரியாது. இன்று கல்முனை மாநகரசபைக்கு உட்பட்ட நிலப்பரப்பிலே ஒருகாலத்தில் நான்கு சபைகள் இருந்தன: கல்முனைப் பட்டினசபை, கரைவாகு தெற்கு, வடக்கு, மேற்குக் கிராமசபைகள். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அம்முறையில், வேட்பாளரின் வளவும் கடனும் வழக்கும் வாக்காளருக்கு மனப்பாடம். அங்கே தலையங்கத்தின் வேலையைத் துண்டுப் பிரசுரமே செய்தது. எங்கோ ஒரு பத்திரிகையின் மூலையில் வேட்பாளரின் பெயர் நற்சொல்லோடு வந்திருந்தால், அத்துண்டை வெட்டி அப்படியே பிரசுரத்தில் அச்சிடுவர். ஊரார் அதனை வாசித்து, கொழும்பே இவரை அறியும் என்று வியந்துவிட்டு, வாக்கை மைத்துனருக்குப் போடுவர்.

நகைச்சுவையாகச் சொன்னாலும் இதில் ஓர் இழப்பு உண்டு. வடிகாலும், சந்தைக் கடை வாடகையும், குப்பை அகற்றலும், கடலரிப்பும் பற்றி இவ்வேட்பாளரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் பத்திரிகை எங்கள் ஊர்களுக்கு வாய்க்கவில்லை. குடிக்காரர் கேட்கமாட்டார், கேட்டால் உறவு கெடும். நிருபரும் உள்ளூரவரே, அவருக்கும் மைத்துனர் உண்டு.

பெரும் பத்திரிகைகளின் நிலையும் பின்னர் மாறியது. லேக் ஹவுஸைப் பொதுவுடைமையாக்க முயன்ற சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் 1964 டிசம்பரில் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலே ஒரே வாக்கினால் தோற்றது. 1970இல் பெரும் பலத்தோடு அவர் மீண்டார். 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அந்நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதம் அரசின் பொறுப்புக்கு வந்தது. அதன்பின் அங்கிருந்து வரும் பரிந்துரை பத்திராதிபரின் துணிவைக் காட்டுவதன்று; ஆட்சியில் யார் உள்ளார் என்பதைக் காட்டுவது. தேர்தற் காலத்தில் பத்திரிகைகளுக்கும் ஒலிபரப்பாளருக்கும் வழிகாட்டல் விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரைப்படி இன்று தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் உள்ளது. அது நன்றே. எனினும், ஒரு வேட்பாளரின் படத்தை முதற்பக்கத்திலும் மற்றவரின் கூட்டத்தை ஏழாம் பக்கத்து மூலையிலும் இட்டு, நாம் நடுநிலை என்று கூறும் ஏட்டைவிட, தன் தெரிவையும் அதன் காரணத்தையும் தலையங்கத்தில் எழுதிப் பெயரிட்டுச் சொல்லும் ஏட்டையே நான் மதிப்பேன். முன்னதோடு வாதிட வாசகனுக்கு வழியில்லை, பின்னதோடு உண்டு.

விகிதாசார முறை வந்தபோது வட்டாரம் மறைந்து பட்டியல் வந்தது. 1987இல் அந்நான்கு சபைகளும் ஒரே பிரதேசசபையாயின. 2001இல் கல்முனை மாநகரசபையாயிற்று. 2018 பெப்ரவரி 10ஆம் நாள் தேர்தலில் வட்டாரம் கலப்பு முறையாகத் திரும்பிவந்தது. அதனோடு கரைவாகுக் காலத்துப் பழைய எல்லைகளின் நினைவும் திரும்பிற்று. சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை வேண்டுமென்ற கோரிக்கையே அங்கே தேர்தலின் பொருளாயிற்று. அதிலும் வழிகாட்டியது எந்தத் தலையங்கமும் அன்று. 2025 மே 6ஆம் நாள் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் பாடசாலை மண்டபங்கள் வாக்குச் சாவடிகளாக, கல்முனை மாநகரசபைக்கு மட்டும் வாக்கெடுப்பு இல்லாதிருந்தது.