மடக்கெழுத்தாணியில் எது ஒரிஜினல்?

பேனாக்கத்தி சேகரிக்கிற வெளிநாட்டுக்காரங்க மேல எனக்கு ரொம்ப நாளா பொறாமை. சுவிஸ் கத்தியில அலகோட அடிப்பக்கம் ஒரு முத்திரை இருக்கும். அந்தக் கம்பெனி 1909-ல் 'விக்டோரியா'ன்னு பேர் வெச்சுது, துருப்பிடிக்காத எஃகு வந்ததும் 1921-ல் 'விக்டோரினாக்ஸ்' ஆச்சு. ஆக முத்திரையைப் படிச்சாலே எந்தக் காலத்துச் சரக்குன்னு சுமாரா சொல்லிடலாம். நம்ம பொட்டி தட்டுற பாஷையில, வெர்ஷன் நம்பர்.

நம்ம ஊரு மடக்குக் கத்திக்கு அந்த வசதி கிடையாது. அதாங்க, மடக்கெழுத்தாணி. உ.வே.சா. 'என் சரித்திரம்' நூல்ல மூணு வகை எழுத்தாணியைச் சொல்றார். தலை கனத்த குண்டெழுத்தாணி, தலைப்பக்கம் சின்னக் கத்தி வெச்ச வாரெழுத்தாணி, மூணாவதா இது. மரம், தந்தம், மாட்டுக்கொம்பு, எதிலயாவது ஒரு கைப்பிடி. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி. மடக்கிக்கலாம்.

எங்க உறையூருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. உ.வே.சா.வோட குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருச்சிப் பக்கத்துக்காரர். உறையூர்ப் புராணமும் பாடியிருக்கார். அவர் பாட்டுக்கு மளமளன்னு சொல்லிட்டே போவாராம், பக்கத்துல ஒருத்தர் ஓலையில எழுதணும். எழுதினவர் கையை நினைச்சாத்தான் பாவமா இருக்கு :-)

விஷயத்துக்கு வரேன். பெரியப்பா வீட்டுல கொம்புப் பிடி போட்ட மடக்கெழுத்தாணி ஒண்ணு இருக்கு. எழுத்தாணி பக்கம் பித்தளை ஆணி, கத்தி பக்கம் இரும்பு ஆணி. பழம்பொருள் வாங்குறவர் ஒருத்தர் பாத்துட்டு, "இது ஒரிஜினல் இல்ல தம்பி, ரெண்டையும் பித்தளையா மாத்திட்டா நல்ல விலை போகும்"னார். இன்னொருத்தர், "ரெட்டை ஆணி, அபூர்வ ரகம்"னு கண்ணை உருட்டினார்.

ரெண்டு பேரும் சொல்றது எனக்கு ஒப்பல. கொல்லர் ஒவ்வொண்ணா கையால அடிச்ச சாமானுக்கு 'ஸ்டாண்டர்டு மாடல்' ஏது? அது இல்லாதப்போ அபூர்வ ரகம் மட்டும் எங்கேர்ந்து வரும்? பொருளைத்தான் படிக்கணும். லென்ஸ் வெச்சுப் பாத்தேன். இரும்பு ஆணி இருக்கற துளை நீள்வட்டமாத் தேஞ்சிருக்கு. அதாவது முதல் ஆணி ஆடி ஆடித் துளை பெருத்த பிறகு இந்தத் தடிச்ச ஆணி வந்திருக்கு. அலகும் சாணை பிடிச்சுப் பிடிச்சு ஒடுங்கிப்போய், பிடியில உள்ள பள்ளத்துல தொளதொளன்னு கிடக்குது. எழுத்தாணி பக்கமோ ஆணி அசையவே இல்ல. முனையும் வழவழன்னு மழுங்கலாத்தான் இருக்கு (ஓலையைக் கிழிக்காம கீறணும்னா அப்படித்தான் இருக்கணும். ஊசி மாதிரி கூரா ஒண்ணை யாராவது விக்க வந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க).

என் கணிப்பு இதான்: எழுதுறது நின்ன பிறகும் கத்தி மட்டும் வேலை செஞ்சிருக்கு. 1860-கள்ல படிச்ச உ.வே.சா.வே சின்ன வயசுல ஓலையில எழுதினவர்தான். அப்புறம் காகிதமும் அச்சும் பரவ, எழுத்தாணிக்கு வேலை போச்சு. வெத்தலைக் காம்பு கிள்ளவோ, கயிறு அறுக்கவோ, கத்திக்கு ஏதோ ஒரு வேலை எப்பவும் இருந்திருக்கும். ஓலை போய்க் காகிதம் வந்த கதைக்கு எங்க வீட்டுல இருக்கற ஒரே சாட்சி அந்த இரும்பு ஆணி. அதைப் போய்ப் பிடுங்கச் சொல்றாங்க!

பெரியப்பா விக்கப் போறதில்ல. உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது கிடந்தா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க மக்களே. முதல்ல ரெண்டு பக்கத்து ஆணியையும் கிட்டக்கப் படம் எடுத்துப் பின்னூட்டத்துல சொல்லுங்க.